ஒரே மேடையில் ஆடிய காலம்

(மணவூரில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் இரண்டு பொருள்களை உங்கள் கையில் கொடுக்கிறேன். ஒருவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். இரண்டும் கெட்டுப்போன பிராசசர்கள்தான், பயப்படாமல் தொடலாம். ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பொன்னிறக் கம்பிகள் நாற்றங்கால் போல அடர்ந்து நிற்கும். நாலு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் 1,331 கம்பிகள். இது ஏஎம்டி கம்பெனியினுடையது. இன்னொன்றின் அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். கம்பி கிடையாது, சின்னச் சின்னப் பொட்டுகளாகத் தங்க முலாம் மட்டும், மொத்தம் 1,151. இது இன்டெல். இதற்கு வேண்டிய கம்பிகள் மதர்போர்டில் இருக்கின்றன.

இரண்டிலும் ஒரு மூலையில் சிறிய முக்கோணக் குறி இருக்கிறது, கண்டுபிடியுங்கள். போர்டிலும் அதே குறி இருக்கும். குறியோடு குறி சேர்த்து வைத்தால் பிராசசர் தன் எடையிலேயே சாக்கெட்டில் போய் உட்காரும். அழுத்தவே வேண்டாம். அழுத்தினால்தான் உட்காரும் என்று தோன்றினால் நாம் தப்பாக வைத்திருக்கிறோம் என்று பொருள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அது.

இந்தப் பக்கத்து ஊர்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து வருகிறவன் நான். திருவாலங்காடு, கடம்பத்தூர், திருத்தணி என்று எங்கே போனாலும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “அண்ணே, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு. பிராசசர மட்டும் மாத்தினா போதுமா, இல்ல எல்லாத்தையும் மாத்தணுமா?” போதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒருவர் இதையே அவர் வழியில் கேட்டார்: “தறி இருக்கட்டும், பாவ மட்டும் மாத்திக்கலாம்னு சொல்லு தம்பி.” எவ்வளவு சரியான கேள்வி! மதர்போர்டு தறி. பிராசசர் அதில் ஏற்றுகிற பாவு. தறியை அப்படியே வைத்துக்கொண்டு புதுப் பாவு ஏற்ற முடியுமா என்பதுதான் விஷயம்.

சில பேரிடம் “தாராளமாக மாற்றலாம்” என்கிறேன். சில பேரிடம் “போர்டு, ராம் எல்லாமே மாற்ற வேண்டும்” என்கிறேன். இதற்குக் காரணம் என் கைத்திறமையோ அவர்கள் கையிலுள்ள காசோ இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான்டா கிளாரா என்று ஒரு ஊர். இன்டெல்லின் தலைமையகமும் அங்கேதான், ஏஎம்டியின் தலைமையகமும் அங்கேதான். முதலாவது 1968இல் தொடங்கியது, இரண்டாவது 1969இல். இரண்டையும் தொடங்கியவர்கள் ஃபேர்சைல்டு என்கிற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். ஒரு வீட்டுப் பங்காளிகள் மாதிரி. அந்தப் பங்காளிச் சண்டையில் யார் கை ஓங்குகிறதோ அதைப் பொறுத்து, இங்கே மணவூரில் ஒரு மேசைக்கு அடியில் இருக்கும் போர்டின் ஆயுள் கூடுகிறது, குறைகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நம்மூர் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. ரத்தின சபை. சிவபெருமானும் காளியும் போட்டியிட்டு ஆடிய தலம். ஆட்டத்தின் வேகத்தில் காதிலிருந்து விழுந்த குண்டலத்தை இறைவன் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டினார் என்று தலபுராணம் சொல்லும். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அதில் என் மனதில் தங்கியது வேறொன்று. இருவரும் ஆடியது ஒரே மேடை. மேடை ஒன்றாக இருந்ததால்தான் யார் ஆட்டம் எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது.

1981இல் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. அதற்குள் இருந்தது இன்டெல் பிராசசர். ஒரே கம்பெனியை நம்பி இருக்க ஐபிஎம் தயாராக இல்லை. இன்னொரு கம்பெனியும் அதே சில்லைத் தயாரித்துத் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்படித்தான் 1982இல் இன்டெல்லுக்கும் ஏஎம்டிக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஏஎம்டி அந்தச் சில்லுகளைத் தயாரிக்கலாம் என்று உரிமை கிடைத்தது. கவனியுங்கள், ஏஎம்டி இந்தத் துறையில் கால் ஊன்றியதே வாங்குகிறவன் பிடிவாதத்தால்தான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர், “எனக்கு இரண்டு கடை வேண்டும்” என்று சொன்னார். இரண்டாவது கடை பிறந்தது.

386 பிராசசர் வந்தபோது அதன் வடிவத்தைக் கொடுக்க இன்டெல் மறுத்துவிட்டது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அதற்குள் ஏஎம்டி தானே உழைத்து 1991இல் சொந்தமாக ஒரு 386ஐக் கொண்டு வந்தது. 386, 486 என்ற வெறும் எண்களுக்கு வணிகக் குறி உரிமை கிடையாது என்று நீதிமன்றத்தில் ஆகிவிட்டதால்தான், 1993இல் வந்த அடுத்த பிராசசருக்கு இன்டெல் எண்ணை விட்டுவிட்டு ‘பென்டியம்’ என்று பெயர் வைத்தது. நம் வீடுகளில் கம்ப்யூட்டருக்கே பென்டியம் என்று பெயராகிப்போன வரலாறு இதுதான்.

நான் தொழிலுக்கு வந்தபோது சந்தையில் இருந்தது ‘சாக்கெட் 7’. மணவூரில் காலை மின்சார ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, நடந்தே ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவேன். ஒரு சாக்கெட் 7 போர்டு வாங்கினால், அதில் இன்டெல்லின் பென்டியமும் போடலாம், ஏஎம்டியின் கே6உம் போடலாம், சைரிக்ஸ் என்று மூன்றாவதாக ஒரு கம்பெனி இருந்தது, அதன் பிராசசரும் போடலாம். போர்டில் ஜம்பர் என்று சின்ன பிளாஸ்டிக் தொப்பிகள் இருக்கும், அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது. எந்த பிராசசர் போடுகிறோமோ அதன் வோல்டேஜுக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி அந்தத் தொப்பிகளை இடம் மாற்றிச் செருக வேண்டும். எந்தத் தொப்பி எங்கே என்கிற அட்டவணை போர்டிலேயே அச்சிட்டிருக்கும். டார்ச் அடித்து அதைப் படித்து, தொப்பியைச் செருகி, சுவிட்ச் போடும் வரை நெஞ்சு படபடக்கும். வோல்டேஜ் கூடிவிட்டால் பிராசசர் போயிற்று. ஆனால் அந்த அட்டவணையில் மூன்று கம்பெனிகளின் பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

1997இல் மேடை பிரிந்தது. பென்டியம் 2 பிராசசரை இன்டெல் ஒரு பெட்டிக்குள் வைத்து, ‘ஸ்லாட் 1’ என்ற புதிய நீளமான பள்ளத்தில் நிறுத்தியது. அந்தப் பள்ளத்தை மற்றவர்கள் பயன்படுத்த இடம் கொடுக்கவில்லை. ஏஎம்டி கொஞ்ச காலம் பழைய சாக்கெட் 7ஐயே வேகப்படுத்தி ஓட்டியது. 1999இல் அத்லான் பிராசசரோடு ‘ஸ்லாட் ஏ’ என்று சொந்தப் பள்ளம் கட்டிக்கொண்டது. ஒரு சின்ன விவரம் சொல்கிறேன்: ஸ்லாட் 1க்குப் பயன்பட்ட அதே கனெக்டரைத்தான் ஸ்லாட் ஏவுக்கும் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தினார்கள். பொருள் ஒன்று, ஆனால் ஒன்றில் செருகுவது இன்னொன்றில் வேலை செய்யாது. அன்றிலிருந்து இன்றுவரை மதர்போர்டு வாங்கப் போனால் முதல் கேள்வியே, “இன்டெல்லா, ஏஎம்டியா?”

மேடைகள் பிரிந்தாலும் போட்டி நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000 மார்ச் மாதத்தில் ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தை முதலில் எட்டியது ஏஎம்டி. இரண்டே நாளில் இன்டெல்லும் அறிவித்தது. 2003இல் பழைய மென்பொருள்களையும் ஓட்டக்கூடிய 64 பிட் முறையை ஏஎம்டி கொண்டு வந்தபோது, கடைசியில் இன்டெல்லும் அதையே ஏற்றுக்கொண்டது. இன்று நீங்கள் வாங்கும் எந்த இன்டெல் பிராசசருக்குள்ளும் ஏஎம்டி வகுத்த அந்த முறைதான் இருக்கிறது. ஏஎம்டி பிராசசருக்குள் இன்டெல் வகுத்த அடிப்படைக் கட்டளைகள் இருக்கின்றன. ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

அந்தக் காலத்தில் நல்ல பிராசசர் கையில் இருந்தும் ஏஎம்டியால் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குள் நுழைய முடியவில்லை. மற்றவரிடம் வாங்காமல் இருப்பதற்காக இன்டெல் தள்ளுபடி கொடுத்தது என்று வழக்குகள் வந்தன. 2009 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டது. ஐரோப்பிய அபராதத்தை 2022இல் நீதிமன்றம் ரத்து செய்தது, 2024இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேறு சில நடவடிக்கைகளுக்காக மட்டும் 2023இல் ஆணையம் புதிதாக 37.6 கோடி யூரோ விதித்தது. பதினான்கு, பதினைந்து ஆண்டுகள் இழுத்தன அந்த வழக்குகள். அதற்குள் எத்தனை போர்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்!

நம் நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு. 2016 ஏப்ரல் 25 முதல், இந்தியாவில் தன் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்கிய பெட்டி பிராசசர்களுக்கு மட்டுமே இங்கே வாரண்டி என்று இன்டெல் விதி கொண்டு வந்தது. வெளிநாட்டிலிருந்து முறைப்படி இறக்குமதி செய்து விற்ற வியாபாரிகளுக்கு இது பேரிடி. அதே பிராசசர்தான், அதே கம்பெனிதான், ஆனால் அப்போது இங்கே வாரண்டி கிடைக்கவில்லை. இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் போனது. ஆணையம் 2019இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில்லில் முத்திரை குத்திக் கொடுக்கும்போது, “வாரண்டி எந்த ஊருக்கு?” என்று கேட்கும் வழக்கம் நம் ஆட்களுக்கு ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா?

இப்போது இந்தக் கதையின் மிக மோசமான பத்தாண்டுக்கு வருகிறேன்.

2011இல் ஏஎம்டி கொண்டு வந்த புல்டோசர் வகை பிராசசர்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. கம்பெனி தள்ளாடியது. 2015இல் அதன் ஒரு பங்கின் விலை இரண்டு டாலருக்கும் கீழே. மேடையில் இன்டெல் மட்டும். அந்தப் பத்தாண்டில் நடந்ததைப் பாருங்கள். 2009இல் 1156 பொட்டு சாக்கெட். 2011இல் 1155. 2013இல் 1150. 2015இல் 1151. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு சாக்கெட். ஒரு பொட்டுக் குறைந்தது, போர்டு மாற்று. ஒரு பொட்டுக் கூடியது, போர்டு மாற்று. இவ்வளவு மாற்றிப் பெற்ற லாபம்? 2007 ஜனவரியில் வந்த இன்டெல் கியூ6600இல் நாலு கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் நாலு மூளைகள். பத்து ஆண்டு கழித்து 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே பிராசசரிலும் நாலு கோர்கள்தான். ஒவ்வொரு கோரும் வேகமாகத்தான் ஆனது, மறுக்கவில்லை. ஆனால் சாதாரண மக்கள் வாங்கும் வரிசையில் எண்ணிக்கை பத்து ஆண்டாக நாலைத் தாண்டவில்லை.

2017 மார்ச்சில் லிசா சூ தலைமையில் ஏஎம்டி ரைசன் பிராசசர்களைக் கொண்டு வந்தது. எட்டு கோர். அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் ஆறு கோர்கள் தந்தது. அடுத்த ஆண்டு எட்டு. பத்து ஆண்டு அசையாத தேர், எதிரே இன்னொரு வடம் இழுபட்டதும் ஒன்றரை வருடத்தில் நகர்ந்துவிட்டது. இதைவிடத் தெளிவாகப் போட்டியின் பலனை எனக்கு யாரும் காட்டியதில்லை.

அந்த ஆறு கோர் பிராசசரில் ஒரு வருத்தமும் இருந்தது. அதன் அடியிலும் இதே 1,151 பொட்டுகள். உங்கள் கையில் இருப்பதைப் போலவே. சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஆனால் 2015, 2016இல் வாங்கிய 1151 போர்டில் போட்டால் ஓடாது. 300 வரிசை சிப்செட் உள்ள புதிய போர்டுதான் வேண்டும். கூடுதல் கோர்களுக்குக் கூடுதல் மின்சாரம் தேவை, அதற்காகச் சில பொட்டுகளின் பயனை மாற்றினோம் என்பது இன்டெல் சொன்ன காரணம். பின்னால் ஆர்வலர்கள் சிலர் போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸைத் திருத்தி, சில பொட்டுகளை டேப் ஒட்டி மறைத்து, பழைய போர்டிலேயே அந்த பிராசசர்களை ஓட்டிக் காட்டினார்கள். எல்லாப் போர்டும் தாங்கியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல போர்டு வைத்திருந்தவனுக்கு ஒரு வழி விட்டிருக்கலாம். விடவில்லை. என் தீர்ப்பு அதுதான்.

எதிர்ப்பக்கம் ஏஎம்டி என்ன செய்தது? தோற்று நின்ற கம்பெனி அது. வாடிக்கையாளரைத் திரும்ப இழுக்க ஒரு வாக்குக் கொடுத்தது: ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட்டைப் பல தலைமுறைக்கு வைத்திருப்போம் என்று. அதை நம்பி வாங்கிய ஒரு கடையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் பிரிண்ட், கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். 2018இல் பி450 போர்டும் ரைசன் 3 2200ஜி பிராசசரும் போட்டுக் கொடுத்திருந்தேன். நாலு வருடம் கழித்து, டிஎன்பிஎஸ்சி விண்ணப்ப நேரத்தில் வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்க, சிஸ்டம் திணறியது. “புதுசா வாங்க இப்ப முடியாதுப்பா” என்றார். “வேண்டாம் அக்கா, போர்டு அப்படியே இருக்கட்டும், பிராசசர் மட்டும் போதும்” என்று சொல்லி ஆறு கோர் கொண்ட 5600ஜி வாங்கி வந்தேன். அன்றைக்கு அவசரத்தில் தவறு செய்தேன். மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்காமல் கூலரைத் தூக்கினேன். நாலு வருடத்துத் தெர்மல் பேஸ்ட் இறுகிப் பசையாகியிருந்தது. கூலரோடு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று கம்பிகள் சாய்ந்துவிட்டன.

பழைய பிராசசர்தானே என்று புதியதைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. அப்போதுதான் உறைத்தது: புது பிராசசரை அந்தப் போர்டு அடையாளம் காண வேண்டுமானால் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்; புதுப்பிக்கப் பழைய பிராசசர்தான் வேண்டும். லீடு போடும் பென்சிலை எடுத்து, லீடைக் கழற்றிவிட்டு, அதன் நுனிக் குழாயைச் சாய்ந்த கம்பியின் மேல் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அக்கா டார்ச் பிடித்தார். முக்கால் மணி நேரம். பழையது மறுபடி உட்கார்ந்தது, ஓடியது. பயாஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும். லைன்மேனுக்கு ஃபோன் போட்டு இன்றைக்கு ஷட்டவுன் இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். நாலைந்து நிமிடம் யாரும் பேசவில்லை. அதன் பிறகு புதியதைப் போட்டால், குழந்தை கண் விழித்தது போல் திரை எழுந்தது. அதே போர்டு, அதே ராம், அதே கேபினெட், அதே எஸ்எம்பிஎஸ். அந்தக் கம்ப்யூட்டர் இன்றைக்கும் ஸ்டேஷன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதைக் கேட்டு ஏஎம்டிக்கு மாலை போட்டுவிடாதீர்கள். 2020 மே மாதம் அதே ஏஎம்டி, அடுத்து வரும் ஜென் 3 பிராசசர்கள் 500 வரிசை போர்டுகளில் மட்டுமே ஓடும் என்று அறிவித்தது. பி450 போர்டு வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். பயாஸ் சேமிக்கும் சில்லு பல போர்டுகளில் 16 எம்பிதான், அதில் எல்லா பிராசசர்களின் விவரமும் அடங்காது என்பது கம்பெனி சொன்ன காரணம். பொய்யான காரணம் என்று சொல்ல முடியாது. உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதத்தில் கம்பெனி இறங்கி வந்தது. பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கு வழி விடுவதாகச் சொன்னது. 2022இல், இன்டெல்லின் 12ஆம் தலைமுறை வந்து மறுபடி போட்டி சூடான பிறகு, 2017இல் வந்த தன் 300 வரிசை போர்டுகளுக்கும் வழி திறந்தது. முடியாது என்று சொன்னது முடிந்தது. அந்த அக்காவின் பி450 போர்டு பிழைத்ததற்குப் பின்னால், முகம் தெரியாத எத்தனையோ வாடிக்கையாளர்களின் குரல் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெரிய ஸ்டுடியோக்களில் பயன்படுத்தும் த்ரெட்ரிப்பர் வரிசையில் ஏஎம்டிக்கு அப்போது எதிரியே இல்லை. 2019 நவம்பரில் அந்த வரிசைக்குப் புதிய சாக்கெட் கொண்டு வந்தது. பழையதிலும் 4,094 பொட்டு, புதியதிலும் 4,094 பொட்டு. ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. புதியதை நம்பி விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் பிராசசர் வரவில்லை. இன்டெல் 1151இல் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எதிரி இருந்த இடத்தில் ஐந்தாறு வருடம் தாங்கிய வாக்கு, எதிரி இல்லாத இடத்தில் தாங்கவில்லை.

சாக்கெட்டை மாற்றுவதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. ராம் டிடிஆர்4இலிருந்து டிடிஆர்5க்குப் போகும்போது, போர்டிலுள்ள பாதைகளே மாற வேண்டும். ஏஎம்டியும் 2022 செப்டம்பரில் ஏஎம்5க்கு மாறியது. 1,718 பொட்டுகள், கம்பிகள் இப்போது இங்கேயும் போர்டுக்குப் போய்விட்டன, இனி என் பென்சிலுக்கு வேலையில்லை. இன்டெல்லின் 1700 சாக்கெட் 2021இல் வந்தது, 12, 13, 14 என மூன்று தலைமுறைகளை ஏற்றது, டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் போர்டுகள் கிடைத்தன. அது மக்களுக்கு நல்ல ஏற்பாடு. 2024 அக்டோபரில் 1851க்கு மாறிவிட்டார்கள். ஏஎம்4க்கோ 2024இல்கூடப் புது பிராசசர்கள் வந்தன. 2016இல் பிறந்த சாக்கெட் அது.

இதெல்லாம் டெஸ்க்டாப் வரையில்தான். லேப்டாப் பக்கம் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது. இன்று விற்கும் லேப்டாப்புகளில் பிராசசரைப் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள்; பலவற்றில் ராமும் அப்படியே. 2011இலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப் கிடைத்த மாநிலம் நம்முடையது. அவற்றில் பலவற்றை நான் ராம் கூட்டி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி மறுபடி ஓட வைத்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து இன்றைய லேப்டாப்புகளை அப்படி எழுப்ப முடியுமா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ பெரும்பாலும் இன்டெல்லில் 8ஆம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களைக்கூட விற்றுவிடலாமா என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள். லினக்ஸ் போட்டுப் படிப்புக்கும் டைப்பிங்குக்கும் இன்னும் பல வருடம் ஓட்டலாம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த இரண்டு கம்பெனிகளின் உரிமத்துக்கு வெளியேயும் பிராசசர் செய்ய முடியும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் ‘சக்தி’ என்ற பிராசசரை வடிவமைத்து, 2018இலேயே சில்லாக ஓட்டிக் காட்டினார்கள். ரிஸ்க்-ஃபைவ் என்கிற திறந்த முறை அது. யார் வேண்டுமானாலும் அந்த முறையில் பிராசசர் செய்யலாம், யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் செல்போன்களில் இருக்கும் ஆர்ம் வகை பிராசசர்கள் ஒரு பக்கம் நெருக்க, 2024 அக்டோபரில் இன்டெல்லும் ஏஎம்டியும் ஒரே ஆலோசனைக் குழுவில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐம்பது வருடப் பங்காளிகளை ஒரே பாயில் உட்கார வைத்தது மூன்றாவது ஆள்.

கடைக்குப் போகும்போது, “ஐ5 இருக்கா, ரைசன் 5 இருக்கா” என்று பிராசசரிலிருந்து தொடங்காதீர்கள். போர்டிலிருந்து தொடங்குங்கள். இந்தச் சாக்கெட் எந்த ஆண்டு வந்தது, இதில் இன்னும் எத்தனை தலைமுறை ஏறும், கம்பெனி எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். போர்டு செய்த கம்பெனியின் பக்கத்தில் அந்தப் போர்டுக்கு ஏற்ற பிராசசர்களின் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எந்த பயாஸ் வேண்டும் என்பது வரை. கடைக்காரரை அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விநியோகஸ்தரிடம் கேட்பார். 2020இல் கேட்டுத்தான் கிடைத்தது.

நேரமாகிவிட்டது. கொடுத்த இரண்டு பிராசசர்களையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த ஊரிலும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் போய் அதன் பக்கத் தகட்டைக் கழற்றி, போர்டின் நடுவில் அச்சிட்டிருக்கும் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசி ரயில் வரை இங்கேதான் இருப்பேன். உங்கள் தறியில் புதுப் பாவு ஏறுமா என்று சேர்ந்து பார்ப்போம்.